மாமனாரின் பழைய தூண்டில் பெட்டி: எதைக் கட்டலாம், எதைத் தொடக்கூடாது?

மாலா_தெம்பனிஸ்:

வணக்கம். இவ்வளவு நாள் இங்கே படிச்சிட்டு மட்டும் போயிட்டிருந்தேன். இப்பதான் கேட்கிறதுக்கு ஒரு விஷயம் கிடைச்சிருக்கு.

மாமனார் ஈசூன் ஐந்தறை வீட்டை வித்துட்டு ஈரறை வீட்டுக்கு மாறுறார். ஸ்டோர் ரூமைக் காலி பண்ணப்போ அடியில ஒரு பச்சை இரும்புப் பெட்டி. "குப்பையில போடு, இல்லன்னா பேரன்கிட்ட கொடு"ன்னுட்டார். செம்பவாங் கப்பல் பட்டறையில வெல்டரா இருந்தவர். அந்தக் காலத்துல லீவு கிடைச்சா ஜொகூர் பக்கம் தோமான்ங்கிற பெரிய விரால் மீன் பிடிக்கக் கிளம்பிடுவாராம். இப்ப பார்வை மங்கிப்போச்சு, எதைக் கேட்டாலும் "பழைய சாமான் உனக்கெதுக்கும்மா"ங்கிறார்.

உள்ளே இருக்கிறது: சிவப்பு நிறத்துல ஒரு ரீல், ஏபியூ அம்பாசடர் 5000, ஸ்வீடன்னு போட்டிருக்கு. கூடவே தோல் பை, குட்டி ஸ்பேனர், எண்ணெய்க் குப்பி. அப்புறம் கறுப்புல மிட்செல் 300, சுத்தினா கரகரன்னு சத்தம். மரத்துல செஞ்ச ராபாலா மீன் மூணு, உதட்டுல ஃபின்லாந்துன்னு பொறிச்சிருக்கு. டோபி ஸ்பூன்கள் (மீனை ஏமாத்துற உலோகத் தகடு) கறுத்துக் கிடக்கு. முன்னாடி அகலமா உலோகத் தகடு வச்ச குண்டு லூர் (பொய் இரை) ஒன்னு, பெட்டியில ஜிட்டர்பக்னு பேர். ஒரு மூலையில ரப்பர் புழுக்கள் ஒரு பிளாஸ்டிக் லூரோட ஒட்டி உருகி, கையில பிசுபிசுன்னு வருது. ஒரு சிகரெட் டின்னுக்குள்ள வெள்ளை இறகு கட்டின சின்னச் சின்ன முள்ளுங்க. பழுப்பு நிறத்துல கண்ணாடியிழைக் கம்பு ஒன்னு.

பையனுக்குப் பன்னிரண்டு வயசு. ஜூன் லீவுல பிடோக் நீர்த்தேக்கத்துக்குக் கூட்டிட்டுப் போகச் சொல்லி உயிரை வாங்குறான். அவங்கப்பா புதுசு வாங்கிக்கலாம்ங்கிறார். எனக்கென்னவோ இதையே பிடிக்க வைக்கணும்னு ஆசை. ஆகுமா?


கிழட்டுத்தோமான்:

ஆகும். மாமனாருக்கு முதல்ல ஒரு கும்பிடு போடுங்க. ஸ்பேனரையும் எண்ணெய்க் குப்பியையும் இத்தனை வருஷம் தொலைக்காம வச்சிருக்காரே, அந்த ஒழுங்குக்கே.

பழைய சாமானைப் பார்க்கிறப்ப நான் ஒரே கணக்குதான் வச்சிருக்கேன். பித்தளை, அலுமினியம், ஸ்டீல், கண்ணாடியிழை இதெல்லாம் உங்களை ஏமாத்தாது. நூலும் முள்ளும், மீன் இழுக்கிறப்ப நூலை விட்டுக்கொடுக்கிற டிராக்கோட வாஷரும் ஏமாத்தும். ரீல்ல இருக்கிற தங்கூசியை (நைலான் நூலை) இன்னைக்கே வெட்டிக் குப்பையில போடுங்க, "பார்க்க நல்லாத்தானே இருக்கு"ன்னு வைக்காதீங்க. வெயிலும் சூடும் பட்ட தங்கூசி பார்க்கப் பளபளன்னுதான் இருக்கும், முடிச்சுப் போட்டு வெடுக்குன்னு இழுத்தா அறுந்துடும். முள்ளுல புள்ளியா துரு இருந்தாலும் மாத்துங்க. ஆனா அதே அளவு, அதே கனம். பெரிய தோமான் வரும்னு ராபாலாவுக்குத் தடிமனான மூணுமுள் போட்டா அந்த மீன் நீந்தாது, மரக்கட்டையா வரும்.

ராபாலாவைப் பத்திக் கொஞ்சம் தெரிஞ்சுக்கிட்டா ஏன்னு புரியும். 1936ல லவுரி ராபாலாங்கிற ஃபின்லாந்து மீனவர் முதல்ல செஞ்சது கார்க்குல. மேல சாக்லேட் சுத்தி வர்ற பளபளத் தாள், அதுக்கு மேல ஃபோட்டோ நெகட்டிவை உருக்கி ஒரு பூச்சு. பின்னாடி பால்சா மரத்துக்கு மாறினார். மரம் ரொம்ப லேசு, அதனாலதான் அடிபட்ட மீன் மாதிரி அந்த ஆட்டம் வருது. அதே காரணத்தால பூச்சுல கீறல் விழுந்தா மரம் தண்ணி குடிச்சிடும், ஆட்டமும் செத்துடும். உங்க மூணையும் வெளிச்சத்துல திருப்பித் திருப்பிப் பாருங்க, முக்கியமா முள் தொங்குற இடம், பல் பட்ட இடம். கீறல் இருந்தா ரெண்டு நாள் காய விட்டு, நிறமில்லாத நகப்பூச்சு ரெண்டு கோட் அடிங்க. போதும்.

அப்புறம் வாளியில தண்ணி பிடிச்சு ஒவ்வொன்னா போடுங்க. மிதந்தா ஃப்ளோட்டர், முழுகினா கவுண்ட்டவுன். மிதக்கிறது 9 சென்டிமீட்டர்னா வெறும் 5 கிராம்தான், 11 சென்டிமீட்டரே 6 கிராம். இந்தக் கனத்தைச் சிவப்பு ரீல்ல வச்சு வீசப் பார்த்தீங்கன்னா லூர் பத்தடி போறதுக்குள்ள ஸ்பூல் (நூல் சுத்தியிருக்கிற உருளை) வேகமா சுத்தி நூல் குருவிக்கூடு ஆயிடும். பையன் அழுவான், நீங்க இங்க வந்து என்னைத் திட்டுவீங்க. அதனால லேசான ராபாலா மிட்செலுக்கு. டோபியும் ஜிட்டர்பக்கும் சிவப்புக்கு. 18 கிராம் டோபி அந்த ரீலுக்குன்னே செஞ்சது போலப் போகும். ரெண்டுமே ஏபியூ சாமான்தானே.

சிவப்பு ரீலைத் திறக்கப் பயப்படாதீங்க. அந்தக் கம்பெனி ஆரம்பத்துல கடிகாரமும் டாக்சி மீட்டரும் செஞ்சது, அந்தப் புத்தி ரீல்லயும் தெரியும். பக்கவாட்டுத் திருகுகளைக் கையாலேயே கழட்டலாம், ஸ்பூல் வெளியே வந்துடும். ஸ்பூல் அச்சுல ரெண்டு குட்டி பிரேக் கட்டைகள் கம்பியில கோத்திருக்கும். வீசுறப்ப வெளிப்பக்கம் ஓடி வளையத்துல உரசி வேகத்தைக் குறைக்கிறது அதுதான். அதுல எண்ணெய் படக்கூடாது. அச்சோட ரெண்டு முனையில மட்டும் ஒரு சொட்டு. சிவப்புப் பக்கத்தைக் கழுவ வெதுவெதுப்பான தண்ணி, பாத்திரம் கழுவுற சோப்பு, பழைய டூத் பிரஷ். வினிகர் வேண்டவே வேண்டாம், அந்தச் சிவப்பு பெயின்ட் இல்லை, அலுமினியத்து மேலேயே ஏத்தின நிறம், போனா போனதுதான். வினிகர் டோபிக்கு வச்சுக்குங்க. கொஞ்ச நேரம் ஊற வச்சுத் தேய்ச்சுக் கழுவினா பித்தளை எட்டிப் பார்க்கும். முழுக்கப் பளபளப்பாக்காதீங்க, நம்ம நீர்த்தேக்கத் தண்ணிக்கு மங்கலான டோபியே எனக்குப் பிடிக்கும்.

மிட்செல்ல கரகரன்னு வர்றது பெரும்பாலும் கெட்டிப்பட்ட கிரீஸ். பக்கத் தகட்டைக் கழட்டி, டர்பன்டைன் தொட்டுத் துடைச்சு, புது கிரீஸ் வைங்க. ஒவ்வொரு பல்சக்கரத்தையும் கழட்டுறதுக்கு முன்னாடி போன்ல படம் எடுத்துக்குங்க.

கம்பை மறந்துட்டேன். வளையத்துக்குள்ள பஞ்சை விட்டுச் சுத்துங்க. பஞ்சு எங்கயாவது மாட்டுச்சுன்னா அங்க கீறல் இருக்கு, அது நூலை அறுக்கும். மத்தபடி பழைய கண்ணாடியிழை மெதுவா வளையும். மூணுமுள் லூருக்கு அதுதான் நல்லது, மீன் தலையை ஆட்டினாலும் முள் கிழிச்சுக்கிட்டு வராது.

கடைசியா சட்டம். நீர்த்தேக்கத்துல பொய் இரை மட்டும்தான். புழு, ரொட்டி, இறால் எதுவும் கூடாது. பொதுப் பயனீட்டுக் கழகம் பலகை வச்சிருக்கிற இடத்துல மட்டும் நின்னு பிடிக்கணும், தாண்டினா அபராதம். அந்த விதத்துல பார்த்தா உங்க மாமனார் பெட்டிதான் பிடோக்குக்குச் சரியான பெட்டி.


புங்கோல்_கேஸ்டர்:

அங்கிள் சொல்றதெல்லாம் ரசமா இருக்கு, ஆனா பன்னிரண்டு வயசுப் பையனுக்கு இது ரொம்ப வதை லா. பழைய 5000ல கைப்பிடியை ஒரு சுத்து சுத்தினா ஸ்பூல் மூணரைச் சொச்சம்தான் சுத்தும். இப்ப வர்ற ரீல் ஏழு சுத்தும். பீகாக் பாஸ் வேகமா ஓடுற இரையைத்தான் துரத்தும், மெதுவா வந்தா கிட்ட வந்து பார்த்துட்டுத் திரும்பிப் போயிடும். ஒரு சாதாரண ஸ்பின்னிங் செட், பின்னல் நூல், சின்ன ஜிக் (ஈயத்தலை வச்ச லூர்). பையன் முதல் நாளே மீனைத் தொடுவான். பழசை அலமாரியில வைங்க.


கிழட்டுத்தோமான்:

பீகாக்குக்கு நீ சொல்றது சரிதான் தம்பி, அதுல வாதமில்லை. அது மட்டும்தான் வேணும்னா புது செட் வாங்கட்டும்.

ஆனா ஜிட்டர்பக்கை ஏழு வேகத்துல இழுத்துப் பாரு, குட்டிக்கரணம் போட்டு மல்லாக்கப் படுத்துடும். அந்த ரெட்டை மடிப்புத் தகடு தண்ணியை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் மாத்தி மாத்தித் தள்ளி "களக் களக்"னு சத்தம் போடணும்னா மெதுவாதான் வரணும். பழைய ரீல்ல நீ வேகமா இழுக்க நினைச்சாலும் முடியாது. புதுசாப் பழகுறவனுக்கு இதைவிட நல்ல வாத்தியார் கிடையாது. இந்த லூரெல்லாம் அந்த ரீலோட வேகத்துக்குன்னு வரைஞ்சது, சேர்த்துத்தான் பார்க்கணும்.

இன்னொன்னு, அந்த ரெண்டு ரீல்லயும் பின்னல் நூலைப் போட்டுடாதீங்க மாலா. வழுவழுப்பான பழைய ஸ்பூல்ல அது பிடிக்காது, மீன் இழுக்கிறப்ப மொத்தச் சுருளும் வழுக்கிச் சுத்தும். பழைய உலோக வளையத்துலயும் நாளாவட்டத்துல கோடு போட்டுடும். சிவப்புக்கு 20 பவுண்டு தங்கூசி, மிட்செலுக்கு 10 பவுண்டு. தோமானுக்குப் பல்லு உண்டு, அதனால முன்னாடி 40 பவுண்டுல இரண்டடி. கம்பி வேண்டாம், கம்பியைக் கட்டினா ராபாலா மூக்கு குத்திடும்.

விடியற்காலை, காத்தில்லாத நேரம், கரையை ஒட்டி ஜிட்டர்பக்கை வீசச் சொல்லுங்க. விழுந்ததும் வட்டம் அடங்குற வரைக்கும் சும்மா விடணும், அப்புறம் நிதானமா சுத்தணும். தோமான் அடிச்சா தண்ணியில குண்டு போட்ட மாதிரி இருக்கும். பையன் பயத்துல வெடுக்குன்னு இழுப்பான், லூர் பறந்து முகத்துக்கு வரும். கையில கனம் தெரிஞ்ச பிறகுதான் இழுக்கணும்னு நூறு தடவை சொல்லுங்க. கண்ணாடி போட்டு விடுங்க. செக்கச்செவேல்னு குஞ்சுக் கூட்டம் மேல வந்து மூச்சு வாங்குறதைப் பார்த்தா அங்கே வீச வேண்டாம். கீழ தாயும் தகப்பனும் காவலுக்கு நிக்கும். அதை எடுத்துட்டா குஞ்சுங்களை மத்த மீனுங்க ஒரு மணி நேரத்துல முடிச்சிடும்.


பெட்டியோடு_வேணும்:

எல்லாரும் "பயன்படுத்து, பயன்படுத்து"ங்கிறீங்க. ஒரு நிமிஷம் நில்லுங்க.

மாலா, அந்தத் தோல் பை, ஸ்பேனர், எண்ணெய்க் குப்பி, ஏதாவது காகிதம் இருந்தா அதுவும், எல்லாத்தையும் ஒரே இடத்துல வைங்க. தனி ரீலுக்கு ஒரு விலை, மொத்தமா இருந்தா வேற விலை. சுங்கை ரோடு சந்தை இருந்த வரைக்கும் தரையில விரிச்சுப் போட்டு வித்தாங்க, அங்கயே பேரம் பேசிக் கத்துக்கலாம். 2017 ஜூலையில அதையும் மூடிட்டாங்க. இப்ப கேரோசெல் இணையச் சந்தையில படம் போட்டீங்கன்னா அரை மணி நேரத்துல நாலு பேர் வருவாங்க, "பழசு, துரு, 30 வெள்ளி தரேன்"னு. அவசரப்பட்டுக் கொடுக்காதீங்க.

ஜிட்டர்பக் உடம்பு மரமா பிளாஸ்டிக்கான்னு பாருங்க. உதடு உலோகம்னு சொல்லிட்டீங்க. இரண்டாம் உலகப் போர்ல உலோகத் தட்டுப்பாட்டால உதட்டையும் பிளாஸ்டிக்ல செஞ்சாங்க, அது கையில இருந்தா நான் இங்கே எழுதியிருக்கவே மாட்டேன், நேரா உங்க வீட்டு வாசல்ல நின்னிருப்பேன். மரம்னா பெட்டியோட உள்ள வைங்க. மரத்துல முள் தொங்குறது வெறும் திருகுக் கொக்கியில. பெரிய தோமான் ஒரு உலுக்கு உலுக்கினா கொக்கியோட பிடுங்கிக்கிட்டுப் போயிடும்.

உருகினது போனதுதான். ரப்பர் புழுவுல இருக்கிற எண்ணெய்ப் பசை பிளாஸ்டிக்கைக் கரைக்கும், நம்ம ஊர் சூட்டுக்கு இன்னும் சீக்கிரம். மத்த லூர்ல படாம உடனே தனியா எடுங்க. பெட்டிக்குள்ள சிலிக்கா ஜெல் பொட்டலம் போடுங்க. லூரை ஒன்னோட ஒன்னு உரசாம டிஷ்யூ சுத்தி வைங்க.


பாசிர்ரிஸ்_கண்ணம்மா:

ஏங்க, அந்த சிகரெட் டின்னை ஒருத்தரும் கண்டுக்கலையே! பெட்டியில எனக்குப் பிடிச்சதே அதுதான்.

மாலா, அது ஆப்போலோ (ஒரே நூல்ல பல முள் தொங்குற தூண்டில்) கட்டுறதுக்கு வச்சிருந்த முள். கடல் சாமான், நீர்த்தேக்கத்துக்கு இல்லை. எங்கப்பா பிடோக் ஜெட்டியில உட்கார்ந்து கட்டுவார். சேவல் கழுத்து இறகு, நீளமா மெல்லிசா இருக்குமே அது. ஒரு முள்ளுக்கு ரெண்டு இறகு, முதுகு முதுகா சேர்த்து, சிவப்புத் தையல் நூலால கழுத்துல சுத்தி, முடிச்சு மேல ஒரு பொட்டு நகப்பூச்சு. முள்வளைவைத் தாண்டி இறகு கொஞ்சமா நீட்டிக்கிட்டு இருக்கணும், ரொம்ப நீண்டா மீன் இறகு நுனியை மட்டும் கடிச்சிட்டு விட்டுடும். ஒரு தங்கூசியில நாலஞ்சு முள் கிளை கிளையா, கிளை விரல் நீளத்துக்கு மேல போகக்கூடாது, இல்லன்னா ஒன்னுக்கொன்னு சுத்திக்கும். அடியில ஈயக்குண்டு. தரை தட்டினதும் கம்பை மெதுவா ஏத்தி இறக்கினா செலார், கெம்போங் மீனுங்க ரெண்டு மூணா தொங்கிக்கிட்டு வரும்.

இப்ப கடையில பாக்கெட்ல விக்கிற ஆப்போலோ பளபளன்னு பிளாஸ்டிக் இழையோட இருக்கும். பிடிக்கும், இல்லன்னு சொல்லல. ஆனா இறகு தண்ணிக்குள்ள தானா அசையும், நீங்க கம்பை ஆட்டாம நின்னாலும் வேலை செய்யும். டின்ல இருக்கிற முள்ளு துருப்பிடிச்சிருந்தா இறகை அவிழ்த்துப் புது முள்ளுல கட்டுங்க. அந்து அரிக்காம இருந்தா இறகுக்கு வயசே ஆகாது. பையனுக்கு மீன் கட்டாயம் கிடைக்கணும்னா என்னைக் கேட்டா ஜெட்டிக்குத்தான் முதல்ல கூட்டிட்டுப் போகணும். தோமானுக்காக நாள் முழுக்க வெயில்ல நின்னுட்டுச் சும்மா திரும்பினா அடுத்த வாரம் வீடியோ கேம்தான்.

ராபாலாவை மட்டும் ஜெட்டிக்குக் கொண்டு போகாதீங்க. அவ்வளவு உயரத்துல நின்னு இழுத்தா அது முழுகாது, மேலாகவே சறுக்கிட்டு வரும்.


மாலா_தெம்பனிஸ்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. உருகினதைத் தூக்கிப் போட்டாச்சு. ஜிட்டர்பக் மரம்தான், பெட்டியோட அலமாரிக்குப் போயிடுச்சு. அதே மாதிரி பிளாஸ்டிக்ல இப்பவும் புதுசா வருதாமே, பீச் ரோடு கடையில ஒன்னு வாங்கிக்கலாம்னு இருக்கேன். வாளியில போட்டதுல ரெண்டு மிதந்துச்சு, ஒன்னு முழுகுச்சு. இறகு கட்டுறதைப் பத்தி மாமனார்கிட்ட வாசிச்சுக் காட்டினேன். "கழுத்து இறகு சரி, நூல் சிவப்பு இல்ல, ஆரஞ்சு"ன்னாரு. கண்ணம்மா அக்கா, இதுக்கு நீங்கதான் பதில் சொல்லணும்!

ரெண்டு சந்தேகம். சிவப்பு ரீல்ல நட்சத்திரம் மாதிரி இருக்கிற டிராக்கைத் தளர்த்தினாலும் நூல் அசையவே மாட்டேங்குது, அப்புறம் திடீர்னு விடுது. இன்னொன்னு, நேத்து கீழ் பியர்ஸ் நீர்த்தேக்கத்துல சும்மா ஒரு மிதக்கிற ராபாலாவை இழுத்துப் பார்த்தோம், நேரா வராம இடது பக்கமா ஒதுங்கி ஒதுங்கி வருது. மரம் கோணிப்போச்சா?


கிழட்டுத்தோமான்:

டிராக்ல வாஷர்கள் ஒட்டிக்கிச்சு. இத்தனை வருஷம் இறுக்கி வச்சிருந்தா அப்படித்தான் ஆகும். அப்படியே கொண்டு போனீங்கன்னா மீன் ஓடுறப்ப நூல் டப்புன்னு அறுந்துடும். கைப்பிடிப் பக்கத்து மூடியைக் கழட்டினா பெரிய பல்சக்கரத்துக்குள்ள வாஷர்கள் அடுக்கா இருக்கும். எந்த வரிசையில இருக்கோ அதே வரிசையில ஒரு துணி மேல எடுத்து வைங்க. உலோக வாஷரைத் துடைச்சு மறுபடி போடலாம். நடுவுல இருக்கிற உரசுற வாஷர்களுக்குப் பதிலா கார்பன் வாஷர் செட் இந்த ரீலுக்கு விக்கிறாங்க, அதைப் போட்டுட்டா வழவழன்னு விடும். இனிமே பிடிச்சு முடிச்சதும் டிராக்கைத் தளர்த்திட்டுத்தான் பையில வைக்கணும்.

ராபாலா கோணல. மூக்குல நூல் கட்டுற கம்பி வளையம் இருக்கே, அது ஒரு பக்கமா சாய்ஞ்சிருக்கும். மூக்கு உங்களைப் பார்க்க லூரைப் பிடிங்க. இடது பக்கம் ஒதுங்குதுன்னா சின்ன இடுக்கியால வளையத்தை வலது பக்கமா இம்மியளவு சாய்ங்க. திருகக் கூடாது, சாய்க்கணும். ஒரு தடவை சாய்ச்சு, ஒரு தடவை இழுத்துப் பார்த்து, மறுபடி சாய்க்கலாம். ஒரேயடியா வளைச்சா மரத்துக்குள்ள கம்பி ஆடிப்போயிடும், அப்புறம் தண்ணி உள்ள இறங்கும்.

மூக்குல ஸ்னாப் (மாட்டுற கொக்கி), சுவிவல் (சுழல்ற இணைப்பு)னு எதுவும் மாட்டாதீங்க. நூலை இறுக்கி முடிச்சுப் போடாம ஒரு சின்னக் கண்ணி விட்டுக் கட்டுங்க, லூர் அதுக்குள்ள தளர்வா ஆடணும். டோபிக்கு மட்டும் சுவிவல் கட்டாயம், அது சுழல்றதுல நூல் முறுக்கிக்கும்.

சிவப்பு ரீலை வீசிப் பழக நேரா தண்ணிக்குப் போக வேண்டாம். வீட்டுக்குக் கீழ திடல் இருந்தா, ஆள் நடமாட்டம் இல்லாதப்போ, முள் இல்லாத ஒரு ஈயக்குண்டைக் கட்டி வீசச் சொல்லுங்க. பக்கத்து மூடியைத் திருகி, பொத்தானை அழுத்தினா குண்டு மெதுவா இறங்குற அளவுக்கு வைங்க. குண்டு தரையைத் தொட்டதும் ஸ்பூல் நின்னுடணும். கட்டைவிரல் எப்பவும் ஸ்பூல் மேலயே இருக்கணும்.


பாசிர்ரிஸ்_கண்ணம்மா:

ஆரஞ்சாம்! செம்பவாங் பக்கம் வேணா அப்படிக் கட்டியிருப்பாங்க. ஜெட்டியில சிவப்புதான். மாமனாரையும் கூட்டிட்டு வாங்க மாலா, ரெண்டு நிறத்துலயும் கட்டி ஒரே தங்கூசியில போட்டுப் பார்த்துடலாம்.